பிய்க்காதீர்கள், நறுக்குங்கள்!

மெத்தை விரிப்பில் பஞ்சு உருண்டை பிடிப்பது ஏன்? நீக்குவது எப்படி? வராமல் தடுக்க என்ன வழி?

வாங்கி வந்த அன்று கன்னத்தை வைத்துப் பார்க்கத் தோன்றும் அளவுக்கு வழுவழுவென்று இருந்த விரிப்புதான். நாலைந்து முறை துவைப்பதற்குள் இடுப்பு அழுந்தும் இடத்திலும் குதிகால் உரசும் ஓரத்திலும் ரவையைக் கொட்டி வைத்ததுபோல் குட்டிக் குட்டி உருண்டைகள். உதறினால் விழவில்லை. கையால் தட்டினால் போகவில்லை. படுத்தால் முதுகில் நெருடுகிறது. உடனே வீட்டில் விசாரணை ஆரம்பமாகிவிடும். “சோப்புத்தூள மாத்துனதுதான் காரணம்.” “மெஷின்ல போட்டா இப்படித்தான் ஆகும்.” “பாத்துத் துவைச்சிருந்தா ஏன் வரப்போகுது?” சுற்றிச் சுற்றிக் கடைசியில் பழி வந்து விழுவது துணி துவைக்கிறவர் தலையில். நம் வீடுகளில் அது யார் என்று சொல்லத் தேவையில்லை.

அந்தப் பழி பெரும்பாலும் அநியாயம். ஒரு விரிப்பு உருண்டை பிடிக்குமா பிடிக்காதா என்பது பஞ்சிலும் நூற்பாலையிலும் தறியிலும் சாயப்பட்டறையிலும் முக்கால்வாசி முடிவாகிவிடுகிறது. துவைக்கிற கைக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தையும் சரியாகச் செய்தால் விரிப்பு இன்னும் பல மாதம் உழைக்கும் என்பதும் உண்மை. இரண்டையும் பார்ப்போம்.

ஓர் உருண்டை உருவாகும் கதை

ஜவுளித் தொழிலில் இதற்கு ‘பில்லிங்’ என்று பெயர். கரூரில் ஏற்றுமதி விரிப்பு தயாரிப்பவர்களுக்கும் திருப்பூரில் பனியன் துணி பின்னுகிறவர்களுக்கும் இது பழகிய தலைவலி.

நூல் என்று நாம் பார்ப்பது ஒற்றை இழை அல்ல. விரிப்பு நெய்யப் பயன்படும் 20, 40-ஆம் நம்பர் நூலை எந்த இடத்தில் குறுக்கே வெட்டினாலும் ஏறத்தாழ நூறு முதல் இருநூறு இழைகள் இருக்கும். ஒவ்வொன்றும் மூன்று சென்டிமீட்டர் இருந்தாலே நீளம் என்று சொல்லவேண்டிய சின்ன இழை. இவற்றைப் பிடித்து வைத்திருப்பது முறுக்கும் ஒன்றோடொன்று உரசும் பிடிமானமும்தான். ஒட்டுப் பசை எதுவும் கிடையாது.

அதன்மேல் நாம் படுக்கிறோம், புரள்கிறோம், உட்கார்ந்து எழுகிறோம். ஒவ்வொரு உரசலும் இழைகளின் நுனியை வெளியே இழுக்கிறது. முதலில் துணியின்மேல் பூனைமயிர்போல ஒரு மெல்லிய படலம் எழும்பும். வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பிடித்தால் மட்டுமே தெரியும். அடுத்தடுத்த உரசலில் பக்கத்துப் பக்கத்து மயிர்கள் சிக்கி முடிச்சாகும். முடிச்சு உருண்டு திரண்டு, சுற்றிலும் கிடக்கும் தூசி தும்பையும் சேர்த்துக்கொண்டு பெரிதாகும்.

நெசவுக்காரர்கள் இழை எண்ணப் பயன்படுத்தும் சின்ன மடக்கு லென்ஸ் ஒன்றை விரிப்பின்மேல் வைத்து ஓர் உருண்டையைப் பாருங்கள். வெள்ளை விரிப்பில்கூட உருண்டை வெள்ளையாக இருக்காது, சாம்பல் ஓடியிருக்கும். உள்ளே ஜீன்ஸிலிருந்து உதிர்ந்த ஒரு நீல இழை, துண்டின் பஞ்சு, ஒரு தலைமுடித் துணுக்கு, நாலு நிறத்தில் நாலு வீட்டுத் துணி. ஊசிமுனையால் உருண்டையை மெல்லத் தூக்கினால், அடியில் நாலைந்து இழைகள் விறைத்துக்கொண்டு நிற்பது தெரியும். அவைதான் உருண்டையின் வேர். மறுமுனை இன்னும் நூலுக்குள் முறுக்கோடு இருக்கிறது.

விஷயமே அந்த வேரில்தான் இருக்கிறது. விரலால் பிடித்து உருண்டையைப் பிய்க்கும்போது வேர் இழைகளில் சில அறும். மற்றவை நூலிலிருந்து இன்னும் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் வெளியே உருவிக்கொண்டு வரும். அதோடு பக்கத்து இழைகளும் தளரும். உருண்டை போன இடத்தில் முன்பைவிட நீளமான மயிர் நிற்கும். அடுத்த உருண்டைக்கு வேண்டிய மூலப்பொருளை நாமே எடுத்துக் கொடுத்ததாக ஆகும். தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்கிற பழக்கம் பல வீடுகளில் உண்டு. அதை இன்றோடு விட்டுவிடுங்கள். உருண்டையை வேரோடு பிடுங்கக் கூடாது. துணிமட்டத்தில் நறுக்க வேண்டும்.

பருத்தி உதிர்த்துவிடும், பாலியஸ்டர் விடாது

எல்லாத் துணியும் மயிர் எழுப்பும். ஆனால் எல்லாத் துணியிலும் உருண்டை தங்குவதில்லை. பருத்தி இழைக்கு வலு குறைவு. முன்னும் பின்னும் மடங்கி மடங்கி வேர் அறுந்துபோகும். உருண்டை தானாக விழும். அதனால்தான் சுத்தப் பருத்தி விரிப்பு முதல் சில சலவைகளில் கொஞ்சம் பிசிறு காட்டிவிட்டுப் பிறகு அடங்கிவிடுகிறது. அவசரப்பட்டுப் ‘பணம் போச்சு’ என்று முடிவு கட்டாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள்.

பாலியஸ்டர் அப்படியல்ல. மான்செஸ்டரில் காலிகோ பிரிண்டர்ஸ் அசோசியேஷனில் வேலை பார்த்த வின்ஃபீல்டும் டிக்சனும் 1941-இல் உருவாக்கிய இழை, பின்னாளில் ‘டெரிலின்’ என்ற பெயரில் வந்தது. கசங்காது, சீக்கிரம் காயும், கிழியாது என்று உலகமே கொண்டாடியது. அந்தக் கிழியாத குணம்தான் இங்கே வினை. பருத்தியைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு வலுவான இழை, எத்தனை முறை மடங்கினாலும் வேர் அறாது. உருண்டை உருவாகிறது, ஆனால் விழ வழியில்லை. பிறப்பு உண்டு, இறப்பு இல்லை என்றால் எண்ணிக்கை ஏறிக்கொண்டுதானே போகும்?

இரண்டையும் கலந்து நூற்ற துணியில் நிலைமை இன்னும் மோசம். பருத்தி இழைகள் மயிராக எழும்பிச் சிக்குகின்றன, பாலியஸ்டர் இழைகள் அந்தச் சிக்கலைத் துணியோடு கட்டிப்போட்டு வைக்கின்றன. சுத்தப் பருத்தியைவிட ‘மிக்ஸிங்’ விரிப்பில் உருண்டை அதிகம் தங்குவது இதனால்தான். இதற்கு ஆலைகள் கண்டுபிடித்த ஒரு வழி எனக்குப் பிடித்தமானது: மூலக்கூறுச் சங்கிலியின் நீளத்தைக் குறைத்து, வேண்டுமென்றே வலுக் குறைந்த பாலியஸ்டர் தயாரிப்பது. உருண்டை வந்தாலும் வேர் அறுந்து விழுந்துவிடும். துணியின் நன்மைக்காக இழையைப் பலவீனமாக்குகிறார்கள்.

பருத்தியிலும் தரம் உண்டு. இழை எவ்வளவு நீளமோ, நூலில் வெளியே நீட்டும் நுனிகள் அவ்வளவு குறைவு. கோயம்புத்தூரில் சுஜாதா, செயின்ட் வின்சென்ட் என்ற இரண்டு ரகங்களை ஒட்டுச் சேர்த்து 1974-இல் வெளியிட்ட ‘சுவின்’ பருத்திக்கு உலகச் சந்தையில் மரியாதை இருப்பதன் காரணம் அதன் இழை நீளம். விரிப்புக்கு அவ்வளவு உசத்தியான பஞ்சு வேண்டியதில்லை. ‘கோம்ப்டு’ நூலாக இருந்தால் போதும். பஞ்சைச் சீப்பால் வாருவதுபோல வாரி, குட்டை இழைகளைக் கழித்துவிட்டு நூற்பது கோம்ப்டு. வாராமல் நூற்பது கார்டட். கழிக்கப்படும் குட்டைப் பஞ்சு வீணாவதில்லை. ஓப்பன் எண்ட் ஆலைகளுக்குப் போய், மலிவு விலைத் துணிக்கான நூலாகத் திரும்பி வருகிறது. உருண்டைக்கு முதல் காரணமான குட்டை இழைகள் அங்கே போய்ச் சேர்கின்றன.

கடையில் மயக்கும் மென்மை

இப்போது கட்டில் கடைகளிலும் இணையத்திலும் அதிகம் விற்பது மைக்ரோஃபைபர் விரிப்பு. தொட்டால் பீச் பழத் தோல்போல மெத்தென்று இருக்கும். அந்த மென்மை எப்படி வருகிறது தெரியுமா? பாலியஸ்டரைத் தொடர் இழையாக நெய்தால் அது வழுக்கும், குளிர்ந்திருக்கும், பட்டுபோல மினுக்கும். அதன்மேல் உப்புத்தாள்போல் சொரசொரப்பான உருளைகளை ஓடவிட்டு மேற்பரப்பு இழைகளை அறுத்து நிமிர்த்துவார்கள். லட்சக்கணக்கான இழை நுனிகள் எழுந்து நிற்க, விரலுக்கு வெல்வெட் சுகம் கிடைக்கும்.

அதாவது உருண்டையின் முதல் கட்டமான மயிர் எழும்புதலைத் தொழிற்சாலையே செய்து முடித்துக் கொடுத்துவிடுகிறது. இழை மெலிது என்பதால் சுலபமாக வளையும், சிக்கும். பாலியஸ்டர் என்பதால் அறாது. கடையில் நாம் விலை கொடுத்து வாங்கும் மென்மையும் மூன்று மாதம் கழித்து முதுகில் நெருடும் உருண்டையும் ஒரே மயிரின் வேலை. துவைத்தவர் என்ன செய்வார், பாவம்!

நல்ல துணிக்கு நேர் எதிரான வேலை நடக்கும். நெய்து வந்த துணியை எரியும் வாயுச் சுடருக்கு மேலே நிமிடத்துக்கு ஏறத்தாழ நூறு மீட்டர் வேகத்தில் ஓடவிட்டு மேல்மயிரைக் கருக்குவார்கள். வேகம் தப்பினால் துணியே போய்விடும். ‘சிஞ்சிங்’ என்ற இந்த வேலையைத் தவிர, ‘பயோ பாலிஷ்’ என்று ஒன்று இருக்கிறது. செல்லுலேஸ் என்ற நொதியைக் கலந்த, லேசான அமிலத் தன்மையுள்ள வெந்நீரில் 50, 55 டிகிரி சூட்டில் துணியைச் சுமார் ஒரு மணி நேரம் ஓடவிடுவது. நொதி பருத்தி மயிரின் நுனிகளைத் தின்றுவிடும். துணி எடையில் சில சதவீதம் குறையும், மேற்பரப்பு தெளிந்துவிடும். திருப்பூரில் இது அன்றாட வேலை. பாலியஸ்டர்மேல் இந்த நொதியின் பாச்சா பலிக்காது.

இலவம்பஞ்சு மெத்தைக் காலத்தில் இந்தப் பேச்சே அதிகம் எழுந்ததில்லை. போடிநாயக்கனூர் பக்கத்து இலவம்பஞ்சு நூலிடுக்கில் நழுவி வெளியே வந்துவிடும் என்பதால், அதை அடைக்கும் கோடு போட்ட மெத்தைத் துணியை நெருக்கமாக, முறுக்கேறிய பருத்தி நூலில் நெய்தார்கள். தொட்டால் முரடு, ஆனால் இழை அசைய இடமில்லை. இன்றைய ஃபோம் மெத்தைக்குப் போர்த்தி வருவது பெரும்பாலும் பாலியஸ்டர் பின்னல் துணி. பின்னல் துணியில் கண்ணிகள் தளர்வாக இருப்பதால் இழை சுலபமாக வெளியே வரும். அதன்மேல் விரிக்கும் விரிப்பு அடிப்பக்கமும் உரசி, இரண்டு முகத்திலும் உருண்டை பிடிக்கும்.

நீக்குவது எப்படி?

முதலில் துவைத்து நன்றாகக் காய வையுங்கள். ஈரத்தோடு செய்தால் மயிர் படிந்துபோய்ப் பாதி தப்பிவிடும். காய்ந்த விரிப்பை மெத்தையிலேயே இழுத்து மாட்டுங்கள். எலாஸ்டிக் வைத்த விரிப்பு என்றால் நான்கு மூலையும் விறைப்பாக நிற்கும். சாதா விரிப்பு என்றால் ஓரங்களை மெத்தைக்கு அடியில் அழுத்திச் செருகுங்கள். துணி தொய்ந்திருந்தால் பிளேடு மடிப்பில் மாட்டும். ஓட்டை விழுவது பெரும்பாலும் அப்படித்தான்.

சரியான கருவி, பேட்டரியில் ஓடும் லின்ட் ரிமூவர். சில நூறு ரூபாயில் கிடைக்கிறது. முகப்பில் துளைகள் உள்ள மெல்லிய உலோகத் தகடு, அதன் பின்னால் சுழலும் பிளேடு. உருண்டை துளை வழியே நுழையும்போது பிளேடு நறுக்கும். துணி தகட்டுக்கு வெளியே பத்திரமாக இருக்கும். அழுத்தினால் துணியும் துளைக்குள் பிதுங்கும். அதனால் கருவியின் கனம்கூடத் துணியில் முழுதாக இறங்காமல் ஏந்திப் பிடித்து, சின்னச் சின்ன வட்டமாக நகர்த்துங்கள். நறுக்கு விழும்போது கரகரவென்று ஒரு சத்தம் கேட்கும். அது அடங்கிவிட்டால் அந்த இடம் முடிந்தது, நகருங்கள். அதே இடத்தில் மேலும் தேய்த்தால் நூலை இழைப்பதுதான் மிச்சம்.

டப்பா பாதி நிறைந்ததும் தட்டிவிடுங்கள். பேட்டரி இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மெதுவாகச் சுழலும் பிளேடு நறுக்காமல் இழுக்கும், கடைசியில் பிய்த்ததற்குச் சமம். தையல் ஓரம், எலாஸ்டிக், எம்பிராய்டரி, லேபிள் பக்கம் போக வேண்டாம்.

கருவி இல்லையென்றால் சவரக் கத்தி. புதிய, மலிவான ரேசர் ஒன்று. ஒரு கையால் துணியை விறைப்பாக இழுத்துப் பிடித்து, ரேசரைத் துணியோடு படுக்க வைத்து, ஒரே திசையில் குட்டைக் குட்டையாக இழுக்க வேண்டும். பிளெயின் நெசவுள்ள பருத்தி விரிப்புக்கு இது நன்றாகவே வேலை செய்யும். சாட்டின் நெசவில் செய்யாதீர்கள். அதில் நூல் பல குறுக்கு நூல்களைத் தாண்டி மேலே மிதக்கிறது. ரேசர் நேராக நூலையே அறுத்துவிடும்.

கருவி படவே கூடாத இடங்கள் இரண்டு. துண்டுத் துணிபோல வளையம் வளையமாக இருக்கும் டெர்ரி மெத்தை ப்ரொடெக்டரில் லின்ட் ரிமூவர் வைத்தால் வளையங்கள் அறுந்து துணி மொட்டையாகும். அடியில் தண்ணீர் புகாத பிளாஸ்டிக் படலம் ஒட்டிய ப்ரொடெக்டரில் ஒரு சின்னத் துளை விழுந்தாலும் அது இருந்தும் பயனில்லை. அதில் பெரிய உருண்டைகளை மட்டும் கூர்மையான சின்னக் கத்தரியால் ஒவ்வொன்றாக நறுக்குங்கள். நேரம் பிடிக்கும். வேறு வழியில்லை.

செலோடேப், ஒட்டும் ரோலர் எல்லாம் நறுக்கி முடித்த பிறகு உதிரியைப் பொறுக்கத்தான். வேர் விட்ட உருண்டையை டேப் நறுக்காது. வினிகரில் ஊறவைத்தால் உருண்டை போய்விடும் என்று ஒரு நம்பிக்கை சுற்றிக்கொண்டிருக்கிறது. உப்புத் தண்ணீரில் படிந்த சுண்ணாம்பை வினிகர் கரைக்கும், துணி கொஞ்சம் இளகும். உருண்டை கரையாது, அது இழை. சொரசொரப்பான கல், ஸ்க்ரப்பர் கொண்டு தேய்ப்பதும் வேண்டாம். கனத்த கம்பளிக்கு அது தாங்கும், விரிப்புக்குத் தாங்காது.

நறுக்கிய பஞ்சைக் குப்பைக்கூடையில் போடுங்கள். சாக்கடையில் கழுவி விடவோ கொளுத்தவோ வேண்டாம். மிக்ஸிங் விரிப்பின் பஞ்சில் பாதி பிளாஸ்டிக்.

ஒவ்வொரு முறை நறுக்கும்போதும் நூலிலிருந்து கொஞ்சம் சதை போகிறது என்பதை மறக்கக் கூடாது. மாதம் தவறாமல் நறுக்க வேண்டியிருக்கிற விரிப்பு சீக்கிரம் இளைத்துப்போகும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இடுப்புப் பக்கம் மட்டும் சல்லடையாகத் தெரிந்தால் நறுக்குவதை நிறுத்துங்கள். தேயாத இரண்டு ஓரத்திலும் தலையணை உறை தைக்கத் துணி தாராளமாகக் கிடைக்கும்.

துவைப்பதிலும் படுப்பதிலும்

விரிப்பை உட்புறம் வெளியே வரும்படி திருப்பித் துவையுங்கள். உரசல் அடிப்பக்கத்தோடு போகும். துண்டு, ஜீன்ஸ், ஜிப் வைத்த துணி, கொக்கி வைத்த உள்ளாடை இவற்றோடு சேர்த்துப் போடாதீர்கள். ஜீன்ஸ் உரசும், துண்டு பஞ்சை உதிர்க்கும், பாலியஸ்டர் அந்தப் பஞ்சையெல்லாம் இழுத்து ஒட்டிக்கொள்ளும். எலாஸ்டிக் விரிப்புக்கு இன்னொரு கெட்ட பழக்கம் உண்டு. மெஷினுக்குள் சுழலும்போது மற்றத் துணிகளைத் தன் வயிற்றுக்குள் விழுங்கி மூட்டையாகிவிடும். உள்ளே சிக்கிய காலுறையும் சட்டைப் பொத்தானும் சலவை முடியும்வரை அதைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். விரிப்பும் தலையணை உறையும் மட்டும் ஒரு தடவை என்று வைத்துக்கொள்வது நல்லது.

அடியில் தட்டு சுழலும் செமி ஆட்டோமேட்டிக், டாப் லோடு மெஷின்கள் துணியை முறுக்கித் தேய்ப்பது அதிகம். அவற்றில் ‘ஜென்டில்’ வைத்து, தண்ணீரைத் தாராளமாக விட்டு, நேரத்தைக் குறையுங்கள். தினமும் வியர்வையோடு படுக்கும் விரிப்புக்கு 30, 40 டிகிரி சூடு போதும். தூளைத் துணிமேல் நேராகக் கொட்டாமல் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். கரையாத தூள் மணல்போல அராவும். டிடர்ஜென்ட் அட்டையில் செல்லுலேஸ் என்று இருந்தால், பயோ பாலிஷில் பார்த்த அதே நொதி. பருத்தி விரிப்பில் சலவைக்குச் சலவை மயிரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும்.

கையால் துவைக்கிறவர்கள் அரை மணி நேரம் ஊறவைத்துப் பிசைந்து அலசினாலே விரிப்பின் அழுக்கு போகும். கல்லில் அடிப்பதைவிட நைலான் பிரஷ் போடுவது பெரிய கெடுதல். மயிர் எழுப்பும் உருளையின் வேலையைத்தான் அந்த பிரஷும் செய்கிறது. போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் சோப்பு நுரைக்காமல் படிந்து, துணி அட்டைபோல விறைக்கும். விறைத்த துணி மெத்தைமேல் இன்னும் சொரசொரப்பாக உரசும். கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் கிடைத்தால் பயன்படுத்துங்கள்.

காயப்போடுவதில் நாம் யோசிக்காத ஒன்று, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர். கனத்த விரிப்பு என்று கொடியில் போடாமல் சுவர்மேல் விரித்துவிடுகிறோம். பிறகு ஒரு முனையைப் பிடித்து இழுத்து எடுக்கிறோம். பூசாத சிமென்ட் ஒவ்வொரு இழுப்பிலும் ஆயிரம் இழைகளை உருவிவிடுகிறது. கொடியில் போடுங்கள்.

படுக்கும்போதும் கவனிக்க வேண்டியவை உண்டு. கால்மாட்டில் மட்டும் உருண்டை அதிகம் என்றால் குதிகாலைப் பாருங்கள். பித்தவெடிப்பு அரத்துக்குச் சமம். பெண் குழந்தைகளின் கொலுசுக் கொக்கியும் அங்கேதான் இழை பிடித்து இழுக்கும். பல வீடுகளில் கட்டில்தான் சோபா, பிள்ளைகள் எழுதிப் படிக்கும் இடம், விருந்தாளி உட்காரும் இடம். பகலில் அதன்மேல் ஒரு ஜமக்காளமோ பழைய போர்வையோ விரித்துவிட்டால் விரிப்பின் ஆயுள் கூடும். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போடுங்கள். தேய்மானம் ஒரே இடத்தில் விழாது.

படுக்கையோடு இருப்பவர்களுக்காக

வாலிப உடம்புக்கு உருண்டை ஒரு எரிச்சல், அவ்வளவுதான். பக்கவாதத்தாலோ முதுமையாலோ நாள் முழுக்கப் படுக்கையில் இருப்பவர்களுக்கு அது அப்படியல்ல. வயதான தோல் காகிதம்போல மெலிந்திருக்கும். தாமாகப் புரண்டு படுக்க முடியாது. நெருடுகிறது என்று சொல்லவும் சிலரால் முடியாது. படுக்கைப் புண்ணுக்கு அழுத்தம் முதல் காரணம். உரசலும் ஈரமும் அதற்குத் துணை. விரிப்பில் சுருக்கமோ துணுக்கோ இல்லாமல் கைவைத்துத் தடவிப் பார்ப்பது செவிலியர் பயிற்சியின் அடிப்படைப் பாடம்.

அவர்களுக்கு நன்றாகத் துவைத்துத் துவைத்துப் பதமான, நெருக்கமாக நெய்த பருத்தி விரிப்பே சிறந்தது. தூக்கி நகர்த்தும்போது துணியோடு சேர்த்து ஏந்துங்கள், விரிப்பின்மேல் இழுக்காதீர்கள். தோலுக்கும் துணிக்கும் இரண்டுக்கும் நல்லது. உருண்டை பிடித்த விரிப்பு வேறு யாருக்கு வேண்டுமானாலும் போகட்டும், அவர்கள் கட்டிலுக்கு மட்டும் வேண்டாம்.

வாங்கும்போது

உருண்டை பிடிக்குமா என்பதை அளக்க முறையான சோதனை இருக்கிறது. மார்ட்டின்டேல் என்ற கருவியில் துணியைத் துணியோடு குறிப்பிட்ட எடையில் 125, 500, 1,000, 2,000 தடவை என்று உரசவிட்டு, நடுநடுவே எடுத்து, மாதிரிப் படங்களோடு ஒப்பிட்டு 5 முதல் 1 வரை மதிப்பெண் போடுவார்கள். 5 என்றால் மாற்றமே இல்லை, 1 என்றால் துணி முழுக்க உருண்டை. இன்னொரு முறையில் ரப்பர் குழாய்மேல் துணியைச் சுற்றி, கார்க் பதித்த பெட்டிக்குள் போட்டு நிமிடத்துக்கு 60 சுற்று வீதம் உருட்டுவார்கள். 18,000 சுற்று முடிய ஐந்து மணி நேரம். 1956-இல் தொடங்கிய கோவை ஜவுளி ஆராய்ச்சி நிலையமான சிட்ரா போன்ற இடங்களில் இந்தச் சோதனைகள் நடக்கின்றன. வெளிநாட்டுக்குப் போகும் விரிப்பு என்றால் வாங்குகிறவர் இன்ன மதிப்பெண் வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதிவிடுகிறார். அதே ஊர்த் துணியை நம்மூர்க் கடையில் வாங்கும் நமக்கு அந்த எண்ணை யாரும் காட்டுவதில்லை. நாமும் கேட்பதில்லை. கேட்க ஆரம்பிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதுவரை நம் கண்ணும் கட்டைவிரலும்தான் கருவி. விரிப்பின் ஓரத்தை மடித்து, துணியைத் துணியோடு கட்டைவிரலால் முப்பது நாற்பது தடவை அழுத்தித் தேயுங்கள். பிறகு கடை விளக்குக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள். அதற்குள்ளேயே மயிர் எழும்பினால் வைத்துவிட்டு நகருங்கள். தேய்க்கும்போது விரலில் வெள்ளைத் தூள் ஒட்டினால் கஞ்சி ஏற்றியிருக்கிறார்கள். அது முதல் சலவையில் போய்விடும், படிந்து கிடந்த மயிர் அப்புறம்தான் முகம் காட்டும். வெளிச்சத்துக்குப் பிடித்தால் ஓட்டை தெரியும் தளர்ந்த நெசவு வேண்டாம். சாட்டினைவிட பிளெயின் நெசவு நல்லது. த்ரெட் கவுண்ட் (நூல் எண்ணிக்கை) 800, 1,000 என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். முறுக்கிய நூலின் உள்புரிகளைத் தனித்தனியாக எண்ணித்தான் பெரும்பாலும் அந்த எண் வருகிறது. ஒற்றைப்புரி கோம்ப்டு நூலில் 200 முதல் 300 இருந்தால் அருமையான விரிப்பு.

பெயரை நம்பாதீர்கள், இழை என்ன என்று பாருங்கள். ‘கிளேஸ் காட்டன்’ என்று இணையத்தில் விற்பவற்றில் பல பாலியஸ்டர். ‘மூங்கில்’ என்று வரும் ப்ரொடெக்டர் பெரும்பாலும் விஸ்கோஸ். நனைந்தால் வலு குறையும் இழை அது. சந்தேகம் வந்தால் விரிப்பின் மடிப்புத் தையலுக்குள்ளிருந்து ஒரே ஒரு நூலை உருவி, குழந்தைகள் இல்லாத இடத்தில், தண்ணீர்த் தட்டுக்கு மேலே இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, ஊதினால் பறக்கும் சாம்பலாகும். பாலியஸ்டர் சுருண்டு உருகி, ஆறியதும் நசுக்க முடியாத கறுப்பு மணியாக நிற்கும். மிக்ஸிங் என்றால் சாம்பலுக்குள் அந்த மணி தட்டுப்படும்.

இதைத் துவைப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள். துவைத்த விரிப்பை எந்தக் கடையும் திரும்ப வாங்குவதில்லை. ‘நூறு சதவீதம் காட்டன்’ என்று எழுதிய பில்லும் மடிப்புக் கலையாத விரிப்பும் அந்தக் கறுப்பு மணியும் கையில் இருந்தால், பேச வேண்டியது கடைக்காரர்தான்.